போர்ட் சயீத் வருவதற்குள்

இரண்டே வாக்கியம்தான். உங்கள் மருமகள் உங்கள் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இனி அவள் அங்கே வரமாட்டாள். மூச்சு வாங்கிச் சொன்னாலும் அரை நிமிஷத்துக்கு மேல் ஆகாது. காலை ஆறு மணிக்கே கப்பல் சூயஸ் கால்வாய்க்குள் நுழைந்துவிட்டது, இப்போது பத்தாகப் போகிறது, நான் இன்னும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது, மூன்று முறை திறந்தேன். ஒரு முறை காபி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், ஒரு முறை வெயில் முகத்தில் அடிக்கிறதா என்று கேட்டேன், மூன்றாவது முறை அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால்வாய் முடிந்து போர்ட் சயீத் வந்துவிடும், நாங்கள் அங்கே கரையில் இறங்கியதும் மாப்பிள்ளை ஊரிலிருந்து தன் அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவார். அவர் பண்ணுவதற்குள் நான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, போட்டு உடைத்துவிடுவார் என்று என் மகள் நிரஞ்சனா சொன்னாள். பார், அவள் வாழ்க்கையே முடிந்து போச்சு, நான் இன்னும் மனசுக்குள்ளேகூட அவர், பண்ணுவார், உடைப்பார் என்று மரியாதை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் என்று ஒரு தரம் நினைத்துப் பார்க்கிறேன், நாக்கு அல்ல, மனசே திரும்ப மாட்டேன் என்கிறது. அப்படிப் பழகிவிட்டது.

என் பக்கத்து நாற்காலியில் சம்மந்தியம்மா செல்வநாயகி பட்டுப் புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, கரையில் காவல் நிற்கிற எகிப்து சிப்பாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சிப்பாய்க்கும் கையாட்டுகிறார், அவன் திருப்பி ஆட்டினால்தான் கணக்கில் சேர்க்கிறார். "இருபத்தேழுங்க சம்மந்தி, அந்தப் பனைமரத்துக்கிட்ட நின்னவன் ஆட்டவே இல்லீங்க, அவனை விட்டுட்டேன்." நான் சிரித்தேன். பெண்ணைக் கொடுத்தவள் சிரிக்கத்தான் வேண்டும். கப்பல் ஏறிய நாளிலிருந்து நான் விடியற்காலையில் எழுந்து மேல்தளத்துக்கு வந்து, நிழலில் இருக்கிற நாற்காலியில் துண்டு போட்டு அவருக்கு இடம் பிடிக்கிறேன், நான் வெயிலில் உட்கார்ந்துகொள்கிறேன். சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோரம் அவருக்கு. அவர் "நீங்க உக்காருங்க" என்பார், நான் "அய்யோ, நீங்க உக்காருங்க" என்பேன், அதுவே இரண்டு நிமிஷம் நடக்கும், பின்னால் தட்டோடு நிற்கிற வெள்ளைக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள், கடைசியில் அவர் உட்காருவார். ஐந்து வருஷமாக இந்தப் பேச்சுத்தான். வந்துட்டீங்களா, சாப்டீங்களா, உடம்பு சௌகரியங்களா. இத்தனை 'ங்க'வுக்கு நடுவில் உங்க மகனோடு என் மகளுக்கு வாழப் பிடிக்கவில்லை என்பதை எந்த இடுக்கில் நான் செருகுவது. இந்தப் பயணத்தை யார் கேட்டார்கள். ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் சேர்ந்து போய்ட்டு வாங்க, துபாயில ஏறுனா மஸ்கட், சலாலா, ஜெத்தா, அகபா, சூயஸ், அலெக்சாண்ட்ரியா, ஏதென்ஸ்னு பழைய துறைமுகமெல்லாம் பார்த்துட்டு வரலாம் என்று மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து புக் பண்ணிக் கொடுத்தபோது, ஆஹா, எவ்வளவு ஒற்றுமை என்று ஈரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்களை நடுக்கடலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் பிரிந்துகொள்ளலாம் என்று பார்த்திருக்கிறார்கள், அதில் மட்டும் ஒற்றுமை.

கோபப்படக் கூடாது. இரண்டு கரையும் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிற மாதிரி தெரிகிறது, இடது பக்கம் பச்சையாக வயல், ரயில் பாதை, கழுதை வண்டி, ஒரு பள்ளிவாசல். வலது பக்கம் வெறும் மணல், மணலுக்கு மேல் மணல். முன்னால் ஒரு சரக்குக் கப்பல், பின்னால் ஒரு எண்ணெய்க் கப்பல், எதுவும் எதையும் முந்தக் கூடாதாம், நிற்கவும் கூடாதாம், எல்லாம் ஒரே வேகத்தில் வரிசையாகப் போக வேண்டும். மொபெட்டில் போனால் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் எனக்குச் சீக்கிரம் போகவும் வேண்டாம். அகபாவில் முந்தாநாள் அந்தச் சிவப்புப் பாறை ஊருக்குக் கூட்டிப் போனார்கள், பெட்ரா, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மலையைக் குடைந்து கட்டியதாம். பாறை இடுக்கில் நடந்து போகும்போது ஃபோன் அடித்தது. எல்லோரும் அந்தப் பெரிய முகப்பைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது நான் ஒட்டகச் சாணிக்குப் பக்கத்தில் நின்று என் மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, நீங்க கப்பல் ஏறுன மறுநாளே நான் கிளம்பிட்டேன். ஒம்பது நாள் ஆச்சு. பீளமேட்டுல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன். காலேஜ் வேலைக்கு இங்கிருந்துதான் போறேன்." அடிச்சாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். குடிக்கிறாரா. இல்லை. வேற யாராச்சும். "ஒண்ணுமே இல்லம்மா. அதுதான். ஒண்ணுமே இல்ல. ரெண்டு வருஷமா அவர் அந்த ரூம்ல, நான் இந்த ரூம்ல. நீயும் அத்தையும் பேசிக்கிற மாதிரி நாங்க பேசிக்கிறோம். சாப்டீங்களா, வந்துட்டீங்களா. அவ்வளவுதான்." அதைக் கேட்டு எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இன்னும் தெரியவில்லை. அதற்கப்புறம்தான், "அத்தைகிட்ட நீ சொல்லிடும்மா, அவர் சொன்னா தாங்க மாட்டாங்க, நீ பக்கத்துல இருந்து பக்குவமாச் சொல்லு" என்றாள். அவளுக்கு அத்தை மேல் அத்தனை கரிசனம். அம்மா எப்படித் தாங்குவாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவில்லையே.

கால்வாய் அகன்று ஒரு பெரிய ஏரியாக விரிந்தது, கசப்பு ஏரி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெயர் வைத்தவனுக்கு என் நிலைமை தெரியும் போல. இங்கே சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினேன், விரிந்த இடத்தில் சொன்னால் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. "சம்மந்தி, ஒரு விசயமுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் பைனாகுலரை இறக்கி என்னைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார், கேட்கத் தயாராகத்தான் பார்த்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்காரரும் கப்பலின் முன்பக்கத்திலிருந்து தொப்பியோடு வந்து சேர்ந்தார்கள். இருவரும் விடிந்ததிலிருந்து ஒரே சண்டை, கீழ்பவானி வாய்க்கால் பெரிசா, பொள்ளாச்சிப் பக்கத்து பி.ஏ.பி. வாய்க்கால் பெரிசா என்று. உலகத்திலேயே பெரிய வாய்க்காலில் போய்க்கொண்டே இந்தப் பேச்சு. "கரையைப் பாருங்க, மண்ணுக்கு மேல கல்லு அடுக்கியிருக்கான், நம்மூருல கான்கிரீட்டு போடலாமா வேண்டாமான்னு பேசிட்டே இருக்கோம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு எதுவும் தெரியாது. அவரிடம் சொன்னால் அவர் முகத்திலேயே எல்லாம் எழுதி ஒட்டிவிடுவார், அதனால் சொல்லவில்லை. "என்னமோ சொல்ல வந்தீங்களே" என்றார் சம்மந்தியம்மா. "மத்தியானத்துக்குத் தயிர் சாதம் இருக்குதான்னு கேக்கலாம்னுங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, சரிங்க என்றார். முட்டாள், முட்டாள், என்னைத்தான் சொல்கிறேன்.

மகள் மனசு தெரியாதா எனக்கு. தெரியாமல் இருந்தால் இத்தனை அவஸ்தை இல்லை. போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும், நிரஞ்சனா பெட்டியோடு ஈரோட்டுக்கு வந்தாள். ஆடியும் இல்லை, பண்டிகையும் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கொஞ்ச நாள் இருக்கேம்மா என்றாள். இருடி, யார் வேண்டாம்னா என்றேன். சொன்ன வாயோடு அன்றைக்கே முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டேன். பெண் வந்தால் திரும்பிப் போகும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, சம்மந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள். முறுக்கு, அதிரசம், எள்ளுருண்டை, கச்சாயம். மூன்று நாள் அடுப்படியிலேயே நின்றேன். அவள் அடுப்படி வாசற்படியில் வந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனாள். ஒரு தரம், "அம்மா, அடுப்பை அணைச்சுட்டு கொஞ்சம் இங்க வா" என்றாள். எண்ணெய் காய்ஞ்சிருக்குது, இரு வாரேன் என்றேன். அந்த ஈடு எடுத்துவிட்டு வருவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். நானும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொன்னால் என்ன செய்வது என்று பயந்துதான் அத்தனை பலகாரம் சுட்டேனோ என்னமோ. நாலாம் நாள் டின்னில் அடைத்து, மேலே துணி கட்டி, அவள் அப்பாவைக் கூப்பிட்டு, காரில் ஏற்றி, கொண்டுபோய் விட்டுட்டு வாங்க என்றேன். நீ போகணும் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை, அது நிச்சயம், யார் கேட்டாலும் சத்தியம் பண்ணுவேன். டின்னை மட்டும் கட்டினேன். அவளும் ஏறி உட்கார்ந்தாள். சம்மந்தியம்மா மறுநாள் ஃபோனில், "அதிரசம் பதமா வந்திருக்குதுங்க" என்றார். அதைக் கேட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

மத்தியானச் சாப்பாட்டில் நிஜமாகவே தயிர் சாதம் இருந்தது. பாத்திரத்துக்கு முன்னால் ஒரு சின்ன அட்டை, அதில் ஏதோ பேர் போட்டு, மேலே மாதுளம் முத்து தூவி வைத்திருந்தார்கள். எனக்கு இறங்கவில்லை. இஸ்மாயிலியா என்ற ஊர் ஜன்னலுக்கு வெளியே போனது, மரங்கள், வெள்ளை வீடுகள், ஒரு படகில் பிள்ளைகள். சம்மந்தியம்மா என்ன சொல்லுவார் என்றே மனசு திரும்பத் திரும்பப் போகிறது. பொண்ணை வளர்த்த லட்சணம் இதுதானுங்களா என்பார். இல்லை, அப்படிச் சொல்ல மாட்டார், அப்படிச் சொன்னால்கூடப் பரவாயில்லை, சண்டை போடலாம். எழுந்து தன் அறைக்குப் போய்விடுவார், அதுதான் பயம். அலெக்சாண்ட்ரியா, ரோட்ஸ், ஏதென்ஸ் என்று இன்னும் ஏழு நாள் பாக்கி, ஒரே மேஜை, ஒரே தளம், எதிரெதிர் அறை. இவரை விட்டால் இந்தக் கப்பலில் எனக்குப் பேச்சுத் துணை யார். ஊரிலும் யார், சொல்லப்போனால். ஐந்து வருஷமாக வாரத்துக்கு இரண்டு தரம் ஃபோனில் பேசுகிற மனுஷி இவர் ஒருத்தர்தான், என் தங்கச்சிகூட அவ்வளவு பேச மாட்டாள். அந்த உறவு என் மகள் கழுத்துத் தாலியில் தொங்குகிறது, அது போனால் இவரும் எனக்கு யாரோ. அடி பாவி, வசந்தாமணி, மகள் ஹாஸ்டல் கட்டிலில் கிடக்கிறாள், நீ உனக்குப் பேச்சுத் துணை போய்விடும் என்று அழுகிறாயா. ஆமாம், அதற்கும்தான் அழுகிறேன். சம்மந்தியம்மா தன் தட்டிலிருந்த ஒரே அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். "நீங்க ரெண்டு நாளாச் சரியாவே சாப்பிடறதில்லீங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படி அப்பளம் வைத்துக்கொண்டே இருந்தால் மனுஷி எப்படிச் சொல்லுவாள்.

மூன்று மணி. மறுபடியும் மேல்தளம். ஒரு பெரிய பாலம் வருகிறது, ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் சேர்க்கிற பாலம் என்று ஒலிபெருக்கிக்காரன் உருகுகிறான். ஜனங்களெல்லாம் செல்ஃபோனைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். எங்கள் இருவர் வீட்டுக்காரர்களும் பாலத்தின் உயரத்தைப் பற்றிப் பந்தயம் கட்டிக்கொண்டு முன்பக்கம் ஓடினார்கள். சம்மந்தியம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பைனாகுலர் கண்ணில். கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது, வேறு தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. பாலத்தின் நிழல் எங்கள் மேல் விழுந்தபோது சொன்னேன். "சம்மந்தி, நிரஞ்சனா உங்க வீட்டுல இல்லீங்க. நாம கப்பல் ஏறுன மறுநாளே கெளம்பிட்டா. இனி வரமாட்டேங்கறா. மாப்பிள்ளைக்கும் சம்மதமுங்களாம்." சொல்லிவிட்டேன். கப்பல் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் பைனாகுலரை இறக்கவில்லை. நிழல் எங்களை விட்டு நகர்ந்து, வெயில் வந்து, பின்னால் இருக்கிற நீச்சல் குளத்துக்கு நிழல் போனது, அப்போதும் இறக்கவில்லை. பிறகு இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்க இருக்குது அம்முணி?" என்று கேட்டார். என் மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "பீளமேட்டுல ஒரு ஹாஸ்டல்லீங்க."

"ஹாஸ்டல்லயா?" அவர் என் பக்கம் திரும்பினார். "ஹாஸ்டல் எதுக்குங்க? உங்க வூடு பூட்டித்தானே கெடக்குது?" திட்டுவார், அழுவார், எழுந்து போவார் என்று எல்லாவற்றுக்கும் மனசை இறுக்கி வைத்திருந்தேன், இதற்கு வைத்திருக்கவில்லை. "என்ற மகன் மேல தப்பில்லைன்னு நான் சொல்லமாட்டனுங்க. ஒரே வூட்டுக்குள்ள ரெண்டும் வந்துட்டுப் போற ஒறம்பரையாட்ட, விருந்தாளியாட்ட இருந்துதுக, கண்ணால பார்த்துட்டுத்தான் இருந்தேன். அவன்கிட்டக் கேட்டா ஒண்ணுமில்லம்மாங்கறான். அதுக்குத்தான் ஐப்பசியில நானே அம்முணிகிட்டச் சொன்னேன், உங்கம்மா வூட்டுல போயி ஒரு மாசம் ரெண்டு மாசம் இரு கண்ணு, ரோசனை பண்ணு, உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுன்னு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாந்தான் வந்து ஏத்தி உட்டேன். நாலாம் நாளு பலகாரத்தோட வந்து எறங்குச்சு." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். "சரி, அம்மா வூட்டுல வேண்டாம்னுட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னிக்கே உங்களைக் கேட்டிருக்கோணும். சம்மந்திகிட்ட அதெல்லாம் எப்படிக் கேக்கறதுன்னு, அதிரசம் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு ஃபோனை வெச்சுட்டேன்." எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தேடினேன். இவர் மேல் வரவில்லை. மாப்பிள்ளை மேல் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. பதினோரு நாளாக, ஐந்து வருஷமாக இவருக்கு எது கேட்டால் வருத்தமாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்து நடந்தேனே, அந்த நேரத்தில் பாதியை என் பிள்ளையிடம் செலவழித்திருக்கலாம். இவர் அனுப்பி வைத்தார், நான் திருப்பி அனுப்பினேன். இவர் எழுந்து போகவில்லை, பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார், போனால் தேவலை என்று நான்தான் நினைத்தேன். "ஃபோனைப் போடுங்க" என்றார். "இப்பவே போடுங்க. இங்க சிக்னல் இருக்குது."

எகிப்துக்காரன் சிக்னல் இரண்டு கோடு இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் யாரோ பெண்கள் பேசுகிற சத்தம், வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். "சொல்லிட்டியாம்மா?" என்றாள் முதலில். சொல்லிட்டேன் என்றேன். "அத்தை அழறாங்களா?" கொஞ்சம் என்றேன். என் குரல் எனக்கே அதட்டுகிற மாதிரி இருந்தது, அப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் உடைந்துவிடும். "இங்க பாரு. சாவி எதிர்வீட்டு லோகாம்பாள்கிட்ட இருக்குது. ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு இன்னைக்கே ஈரோட்டுக்குப் போ. மேல் ரூமைத் திறந்துக்கோ. நாங்க வந்துட்டா மட்டும் என்ன, நீ பாட்டுக்கு அங்கேயே இரு." வைத்துவிட்டாளோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் சத்தம் நின்றது. அப்புறம் கேட்டாள், "எத்தனை நாளைக்கும்மா?" கோபமாகக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், கத்தியிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். எத்தனை துணி எடுத்து வைப்பது என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள், கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தாள்.